ஏழு தடவையும் ஒரே மாதிரி

"படுபாவி!"

ரகு கத்திய கத்தலில், கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அன்புசெல்வன் தூக்கிவாரிப் போட்டு எழுந்தான்.

"இன்னா ரகு, இன்னா ஆச்சு?"

"இந்த நாவல்டா! அண்ணன்காரன் மொட்டை மாடியிலேர்ந்து வுழுந்து படுத்த படுக்கையாக் கெடக்கறான். தம்பிதான் நமக்குக் கதை சொல்றான். அண்ணனுக்கு சோறு ஊட்றான், குளிப்பாட்றான், பக்கத்துக்குப் பக்கம் அழுவறான். நானும் கூடச் சேந்து அழுதேன். கடைசியில பாத்தா, அண்ணனைத் தள்ளிவுட்டதே அவன்தான்!"

"கதைதானே, வுடு." அன்பு மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

ரகுவால் விட முடியவில்லை. பஸ் கவரைப்பேட்டையைத் தாண்டிய பிறகும் படபடப்பு அடங்கவில்லை. ஒருத்தன் முந்நூறு பக்கம் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறான். அத்தனையையும் நம்பியிருக்கிறோமே!

கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் நேராகக் கம்பெனி கேட்டுக்குப் போனான். அங்கே செக்யூரிட்டி யேசுதாஸ் உட்கார்ந்திருந்தார். அந்தப் புத்தகத்தை லைப்ரரியிலிருந்து எடுத்து வந்து கொடுத்ததே அவர்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வரை, ரகு சூப்பர்வைசராக இருக்கும் செக்‌ஷனில் யேசுதாஸ் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். வலது கையில் மூன்று விரல் அந்த மெஷினில் போய்விட்டது. நடந்ததை ரகு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறான்.

"கை உள்ள போனா மெஷினை நிறுத்தற சென்சார் அது. அடிக்கடி நின்னு போவுதுன்னு ஒயரையே புடுங்கிட்டாரு. வேணாம் வேணாம்னு சொன்னேன். கேக்கல."

விசாரணையில் யேசுதாஸும் அதையேதான் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்போது ரகுவுக்குப் பெண் பிறந்து பதினோரு நாள். பிள்ளையைக்கூடப் போய்ப் பார்க்காமல் மூன்று நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான். மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, இந்த செக்யூரிட்டி வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான்.

"முடிச்சிட்டீங்களா சார்?" என்றார் யேசுதாஸ்.

"முடிச்சேன்ணா. ஷாக்குலேர்ந்து இன்னும் வெளிய வரல. இப்படியும் ஒருத்தன் இருப்பானா?"

"எனக்குப் பாதியிலயே தெரிஞ்சிபோச்சு சார்."

"எப்படிண்ணா?"

"அண்ணன் வுழுந்ததை அவன் ஏழு தபா சொல்றான். ஏழு தபாவும் ஒரு வார்த்தை மாறல. நெஜமா நடந்ததைச் சொல்றவன் ஒரு தபா ஒண்ணை மறப்பான், இன்னொரு தபா புதுசா ஒண்ணைச் சேத்துக்குவான். மனப்பாடம் பண்ணினவன்தான் அப்படியே ஒப்பிப்பான்."

ரகு கையிலிருந்த புத்தகத்தை மெதுவாக மேஜைமேல் வைத்தான்.

அப்போது புதிதாகச் சேர்ந்த டிரெய்னி பூமிகா ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வந்தாள். பேனாவை நீட்டிய யேசுதாஸின் கையைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"ஐயோ! கைக்கு இன்னா ஆச்சுண்ணா?"

"பிரஸ்ல மாட்டிக்கிச்சும்மா. என் தப்புதான். சென்சார் ஒயரை நானே புடுங்கிட்டேன். ரகு சார் வேணாம் வேணாம்னாரு. நான்தான் கேக்கல. நீ ஜாக்கிரதையா இரு."

தலையாட்டிவிட்டு அவள் உள்ளே நடந்தாள்.

ரகு அவரையே வெறித்துப் பார்த்தான். அவர் முகத்தில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. பூமிகா போட்ட கையெழுத்துக்கு எதிரே நேரத்தைக் குறித்துக்கொண்டே கேட்டார்:

"பாப்பாவை இந்த வருஷம் ஸ்கூல்ல சேக்கணும் இல்ல சார்?"

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அன்புசெல்வனும் வந்துவிட்டான்.

"ஏம்மா பூமிகா, நில்லு!"

ரகு போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். யேசுதாஸ் சட்டென்று எழுந்து அவன் கையைப் பிடித்தார்.

"சார், வேணாம் சார்..."

ரகு கையை விடுவித்துக்கொண்டான்.

"அந்த ஒயரைப் புடுங்கினது நான்தாம்மா. வேணாம்னு சொன்னதுதான் அவரு."