மூன்று நாள் அரிசி

துண்டு அசைந்ததைப் பார்த்துத்தான், அவன் விரல்கள் உள்ளே வந்துவிட்டன என்று அவளுக்குத் தெரிந்தது.

கைக்குத் தெரியவில்லை.

போன மழைக்காலத்திலிருந்து அவளுடைய வலக்கை இப்படித்தான். சுட்டாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. கண் பார்த்துக்கொண்டிருந்தால் வாளைப் பிடிக்கும். பார்வை நகர்ந்தால் விட்டுவிடும். முதலாளி பக்கத்தில் நின்றால் மட்டும் வேலை செய்கிற ஆள் மாதிரி.

துண்டுக்குள் முதலாளி போய் நிற்க முடியாது.

எதிரே உட்கார்ந்திருந்தவன் நாகன். கரையிலிருந்து வந்த வணிகன். மூன்று மாதத்துக்கு முன் அவனுடைய தோணியைத் தீவுத் தலைவியான அவளுடைய படைப் பெண்கள் நடுக்கடலில் மறித்துப் பிடித்தார்கள். சரக்கு அன்றே கரைந்துவிட்டது. மாலுமிகள் ஐந்து பேர் இன்னும் தீவில் இருந்தார்கள். அவர்களை மீட்க இரும்பும் உப்பும் கொண்டுவந்திருந்தான்.

கொண்டுவந்ததற்கு எத்தனை பேர் ஈடு என்பதுதான் பேரம். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு ஆள்.

சுற்றிலும் வேலோடு இருநூறு பெண்கள். அந்தக் கடல்வழியில் அவள் பெயரைச் சொன்னால் பாயை இறக்கிவிடுவார்கள். பேரத்தில் அவள் ஒரு படிகூட இறங்கியதில்லை.

துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசும் வழக்கத்தைத் தீவுக்குக் கொண்டுவந்தவளே அவள்தான். துறைமுகச் சந்தையில் வளர்ந்தவள். வாய் புரளும், விரல் புரளாது என்பாள். பிடித்து முடித்ததும் தலைவி எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்டதற்குக் குறைத்துச் சொன்னால் பேரம் முறிந்துவிடும்.

முறிந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

தீவில் சட்டம் ஒன்றே ஒன்று. வலக்கையில் வலு உள்ளவரைக்கும் தலைவி. வலு போன அன்று ஒரு படகு, மூன்று நாள் அரிசி, துணைக்கு யாரும் இல்லை. அவளுக்கு முன்னால் இருந்தவளை அப்படித்தான் அனுப்பினார்கள். அரிசியை அளந்து வைத்தவள் இவள். இன்னும் இரண்டு நாளைக்குப் போடேன் என்று போகிறவள் கேட்டாள்.

இவள் போடவில்லை.

இத்தனை நாளும் பேரத்துக்குத் தனக்கு அடுத்தவளான கொற்றியை உட்கார வைத்துத் தப்பித்து வந்தாள். இந்த நாகனோ நாச்சியாரிடம் மட்டும்தான் பேசுவேன் என்று காலையிலிருந்து வெயிலில் நின்றுவிட்டான். இருநூறு பேர் பார்க்க எப்படி மறுப்பது?

அவன் தோள் லேசாக அசைந்தது. பிடிக்கிறான்.

எத்தனை?

முகத்தைப் பார்த்தாள். கல்யாண வீட்டுக்கும் இழவு வீட்டுக்கும் ஒரே முகத்தை எடுத்துக்கொண்டு போகிறவன் முகம் அது.

மறுபடி அசைந்தது. இந்த முறை அவன் கை முழங்கைவரை இறுகியது. அவன் புருவம் ஒரு நூல் உயர்ந்தது.

கிள்ளிப் பார்த்திருக்கிறான்.

கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தவில்லை. கத்துகிறவனுக்கு அந்தச் செய்தி ஒரு வேளைச் சரக்கு. வைத்திருக்கிறவனுக்கு ஆயுளுக்கும் ஓடும்.

அவள் துண்டை உதறி எடுத்தாள்.

"அஞ்சு பேரையும் ஓட்டிக்கிட்டுப் போ. தின்னே தீவைக் கரைச்சிட்டானுங்க."

பெண்கள் சிரித்தார்கள். எல்லாரையும் கொடுத்துவிட்டால் எண் தவற வழியில்லை. கேட்டதற்கு மேல் கிடைத்ததே என்று எந்த வணிகனும் சண்டைக்கு வரமாட்டான்.

நாகன் தன் கையை உதறிக்கொண்டான். கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"இது விரலா நாச்சியாரே? நண்டுக் கொடுக்கு. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் எனக்கு யாராச்சும் சோறு ஊட்டித்தான் விடணும்."

மறுபடி சிரிப்பு. அவளும் சிரித்தாள். நல்ல பொய். அதற்கு வருஷா வருஷம் கூலி கேட்டு வருவான். வரட்டும்.

கொற்றி மட்டும் சிரிக்கவில்லை.

வாங்க வந்தவன் சரக்கைப் பழிப்பான், அது முறை. புகழ்ந்தான் என்றால் எதையோ மூடுகிறான், நீ கையை வைத்துப் பார். முதல் கொள்ளையை விற்ற அன்று கொற்றியிடம் இதைச் சொன்னவளும் அவள்தான்.

வெயில் சாய்வதற்குள் நாகனின் தோணி ஐந்து பேரோடும் பாறைத் திட்டைத் தாண்டிவிட்டது. பெண்கள் இரும்பைச் சுமந்துகொண்டு உலைப் பக்கம் போனார்கள். கரையில் அவள் மட்டும் இருந்தாள்.

கொற்றி இளநீர் சீவிக் கொண்டுவந்தாள்.

எப்போதும் வலப்பக்கம் நீட்டுவாள்.

இன்று இடப்பக்கம் நீட்டினாள்.

அவள் வாங்கிக் குடித்தாள். பாதியில் நிறுத்தவில்லை. வெறும் காயைக் கீழே வைத்தபோது, கொற்றி எதிரே உட்கார்ந்து அந்தத் துண்டை விரித்துக்கொண்டிருந்தாள்.

"அரிசி எத்தனை நாளைக்கு வைக்கட்டும், அக்கா?"

மெல்லத்தான் கேட்டாள். அலைக்குக்கூடக் கேட்டிருக்காது.

அவள் இடக்கையைத் துண்டுக்குள் விட்டாள்.

இந்தக் கைக்கு எல்லாம் தெரிந்தது. கொற்றியின் உள்ளங்கை ஈரம். துடுப்புப் பிடித்த காய்ப்பு. விரித்து வைத்திருந்த விரல்கள்.

ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

ஐந்து.

கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

பிறகு இரண்டை மடக்கினாள்.