மேல் மடிப்பு

“மறுபடியும் வீட்டம்மாவைக் கொன்னுட்டீங்களே, தோகாஷி சான்.”

கனாயே டீச்சர் இப்படிச் சொன்னதும் மர அச்சு வகுப்பே சிரித்தது. பலகையிலிருந்து உரித்த ஈரத்தாளைக் கையில் பிடித்தபடி தோகாஷியும் அசடு வழியச் சிரித்தார்.

தாளில் இருந்தது அவர் மனைவி சிஸுவே. மூக்கு கோணல், கொண்டை அதைவிடக் கோணல். காலமெல்லாம் லாரி ஓட்டிவிட்டு இப்போதுதான் உளி பிடிக்கிற கைக்கு வேறெப்படி வரும்? மூலையில் அவள் பெயர் மட்டும் நேராக, படிக்கிற மாதிரி விழுந்திருந்தது.

கோணலைக்கூட மன்னித்துவிடலாம், கிமோனோவை எப்படி மன்னிப்பது? இடப்பக்க மடிப்பு மேலே வரவேண்டிய இடத்தில் வலப்பக்க மடிப்பு ஏறி உட்கார்ந்திருந்தது. அப்படி உடுத்துவது பிணத்துக்குத்தான் என்று கானாஸாவாவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

மர அச்சில் எல்லாமே இடவலம் மாறி விழும். அதனால் வரைந்த தாளைப் பலகைமேல் கவிழ்த்து ஒட்டிவிட்டுத்தான் செதுக்க வேண்டும். முதல் வகுப்பிலேயே சொன்ன பாடம் இது. மற்றவர்கள் செதுக்கிய பூசணிக்காயும் கொக்கும் மாறி விழுந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த மனிதர் வாராவாரம் வீட்டிலேயே ஒட்டிச் செதுக்கி எடுத்துவந்து, அதே தப்பை அச்சடித்துக்கொண்டிருந்தார். சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். கனாயேவுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

விடிந்தால் வகுப்பின் கண்காட்சி, அக்கம்பக்கத்தார் எல்லோரும் வருவார்கள். உயிரோடு இருப்பவளைப் பிண உடுப்பில் சுவரில் மாட்டினால் யார் சும்மா இருப்பார்கள்? இதை மாட்ட முடியாது என்று கனாயே சொல்லிவிட்டாள்.

தோகாஷியின் முகம் செத்துப்போனது. ஊரின் மறுகோடியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர், வீட்டு விஷயம் பற்றி வாய் திறவாதவர், அன்று இடுப்பு வளையக் குனிந்து கெஞ்சினார். கதவுக்குப் பின்னால் மாட்டினாலும் போதும், இந்த ஒரு படத்துக்காகத்தான் வகுப்பில் சேர்ந்தேன் என்றார்.

“உங்க வீட்டம்மா நாளைக்கு வந்து பார்த்தா உங்களைச் சும்மா விடுவாங்களா?” என்று சீண்டினாள் பக்கத்து மேசை குராதா.

அவர் நிமிராமல் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

கனாயேவுக்குப் பாவமாகிவிட்டது. வரைந்த தாளில் இன்னொரு பிரதி இருந்தால் தரச் சொன்னாள். தானே ஒட்டி, கூட உட்கார்ந்து செதுக்கித் தருவதாகவும் சொன்னாள். அவர் பைக்குள்ளிருந்து பத்திரமாக எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

பசை தடவப் போனவளின் கை அப்படியே நின்றது. வரைந்த தாளிலேயே வலப்பக்க மடிப்புதான் மேலே இருந்தது. மனிதர் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத்தான் கவிழ்த்து ஒட்டியிருக்கிறார்.

“வரையும்போதே தப்பா வரைஞ்சிருக்கீங்களே,” என்றாள் ஆற்றமாட்டாமல். “இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவங்க எப்படி உடுத்துவாங்கன்னு ஒரு நாளாவது பார்த்ததில்லையா?”

தோகாஷி தாளை மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“லாரியிலயே இருந்துட்டேன், டீச்சர். நின்னு நிதானமா அவளைப் பார்த்தது, பெட்டியில கிடத்தின அன்னைக்கு மட்டும்தான்.”