ஆறு பேர் சஹன்

"ரவூப் நானா, நீங்க அவருக்கு இடது பக்கமா உக்காந்து சொல்லிக் குடுங்க. சோத்தப் பார்த்ததும் தம்பிய மறந்துடாதீங்க!"

நஸ்மியா கெஞ்சாத குறையாகச் சொன்னாள். கணவனின் அண்ணன் ரவூப், கல்யாணச் சாப்பாடு என்றால் முதல் நாளே வயிற்றைக் காயப்போடுகிறவர். போயும் போயும் இவரிடமா ஒப்படைப்பது என்று அவளுக்குக் கவலை. என்ன செய்வது, ஆண்கள் சாப்பிடும் பக்கம் அவள் போக முடியாதே.

எட்டு மாதத்துக்கு முன்னால் மிளகு பறிக்க ஏறிய ஏணி சரிந்து, கணவன் முஸம்மிலின் தலை கல்லில் அடிபட்டது. ஒபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அதற்கே அவள் தொழுகைக்குத் தொழுகை நன்றி சொல்கிறாள். ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவன் மூளை மறந்துபோனது. கண்ணில் கோளாறில்லை என்றார் டொக்டர். முகத்தில் பாதிதான் மழிப்பான். தட்டில் வலது பாதியை முடித்துவிட்டு, "இன்னும் பசிக்குதே, சோறு இல்லையா?" என்பான். நஸ்மியா தட்டைத் திருப்பி வைப்பாள்.

இன்று நாவுலயில் சொந்தத்தில் கல்யாணம். ஒரு சஹன் சோற்றைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, அவரவர் முன்னால் உள்ள பங்கைச் சாப்பிட வேண்டும். ஆறு பேருக்கும் பொதுவான அந்தப் பெரிய தட்டை யார் திருப்புவது?

"அவர் கை வலது பக்கமா அடுத்த ஆள்ட பங்குக்குப் போயிடும் நானா. நாலு பேர் சிரிச்சா அதுக்கப்புறம் வாசப்படி தாண்ட மாட்டார்."

"சரி புள்ள, நான் பார்த்துக்கறேன்" என்றார் ரவூப், வயிற்றைத் தடவியபடி.

கல்யாணம் முடிந்து பஸ் பிடித்து வீடு வந்து சேர பின்னேரம் அஸர் தொழுகை நேரமாகிவிட்டது. உள்ளே நுழைந்ததும் நஸ்மியா கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாச்சுங்க?"

"வயிறு முட்டச் சாப்பிட்டேன்! ஒரு பருக்கை மிச்சம் வைக்கல்ல. யாரும் சிரிக்கவும் இல்ல."

"நானா சொல்லிக் குடுத்தாரா?"

"அவரா? வாயே தொறக்கல்ல."

நினைத்தேன் என்று நஸ்மியா பல்லைக் கடித்தாள். ஆனால் கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. யாரும் சொல்லாமலே வயிறு நிறைந்திருக்கிறது என்றால், அவனுக்கு இடது பக்கம் திரும்பி வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்! "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லும்போதே கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பாயை விரித்து அவனைப் படுக்க வைத்துவிட்டுத் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனாள்.

பின்வாசலில், பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கும் ரவூப் நானா தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார்.

"புள்ள, பாண் துண்டு ஏதும் கெடக்கா? எங்க ஊட்டுக்காரி கல்யாண ஊட்டுலயே தங்கிட்டா. பசி காத அடைக்குது."

"கல்யாணச் சோறு தின்னுட்டு வந்தா பசி?"

தம்பி படுத்திருந்த அறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ரவூப் குரலைத் தாழ்த்தினார்.

"நீ சொன்ன மாதிரி இடது பக்கம் உக்காரல்ல புள்ள. வலது பக்கம் உக்காந்துட்டேன்."