செலஸ்டினின் கண்ணாடி

நேப்பிள்ஸ் நகரத்தில், லிஃப்ட் இல்லாத அந்த ஐந்தாம் மாடிக்கு ரொட்டி கூடையில்தான் ஏறிவரும். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஓய்வுபெற்று, நேப்பிள்ஸில் நர்ஸாக இருந்த மனைவி செலஸ்டினோடு கடைசிக் காலத்தைக் கழிக்க வந்த மிக்கேலுக்கு, நாலு வருஷமாகச் சன்னலில் நின்று கூடையை இறக்கி ஏற்றுவதுதான் வேலை. "நான் பேசிக்கிடுதேன். நீங்க கயித்தப் புடிச்சாப் போதும்" என்பாள் செலஸ்டின். அதனால் அவர் அந்த ஊர்ப் பேச்சில் ஒரு வார்த்தைகூடக் கற்றுக்கொள்ளவில்லை. ஆகஸ்டில், கீழே ரொட்டிக்கடைக்காரி கடையைச் சாத்திவிட்டு ஊருக்குப் போயிருந்தபோது, செலஸ்டின் ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடிவிட்டாள். கடை திறந்ததும் வழக்கம்போல இரண்டு ரொட்டி வந்தது. இனி ஒன்று போதும் என்று மிக்கேல் ஒற்றை விரலைக் காட்டினார். இன்னொன்று கேட்கிறார் என்று நினைத்து, கடைக்காரி மூன்றாவதையும் வைத்து அனுப்பினாள். மறுநாள் அவர் வெறுங்கூடையில் செலஸ்டினின் மூக்குக்கண்ணாடியை வைத்து இறக்கினார். கடைக்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மெல்லத் தலையை ஆட்டினாள், உள்ளே எடுத்துப் போனாள். செலஸ்டின் போனது ஒருத்திக்காவது தெரிந்துவிட்டதே என்று மிக்கேல் வெறுங்கூடையை மேலே இழுத்துக்கொண்டார். சாயங்காலம் கூடை ஏறிவந்தபோது இரண்டு ரொட்டிக்கு நடுவே கண்ணாடி இருந்தது. லொடலொடத்துக்கொண்டிருந்த காதுக்கம்பிக்குப் புதுத் திருகாணி போட்டு, பளிச்சென்று துடைத்திருந்தாள். "சின்யோரா! சின்யோரா!" என்று செலஸ்டினைக் கூப்பிட்டபடி, போட்டுக் காட்டச் சொல்லி விரல்களைத் தன் கண்ணருகே வளைத்துச் சிரித்தாள் கடைக்காரி. மிக்கேல் கயிற்றை விடாமல், சன்னலில் இன்னோர் ஆள் நிற்கும் அளவுக்கு ஒதுங்கி இடம்விட்டார்.