கைதட்டல் தராசு

பெட்டியின் அடியில், கட்டைவிரல் எட்டும் இடத்தில், டோசிக் ஒரு சின்னப் பொத்தானைப் பற்றவைத்தார்.

மற்றதெல்லாம் எளிய வேலைதான். ஒரு மைக், நாலு டிரான்சிஸ்டர், வீணாய்ப் போன டேப் ரெக்கார்டரிலிருந்து கழற்றிய ஊசி. கைதட்டல் கூடக் கூட ஊசி நூறை நோக்கி நகரும்.

பொத்தானை அழுத்தினால் யாரும் தட்டாமலே நூறுக்குப் போகும்.

சம்சோன்போ துறைமுகச் சந்தையில் போன வருடப் பாட்டுப் போட்டி அடிதடியில் முடிந்திருந்தது. இந்த முறை மெஷினே தீர்ப்பு சொல்லட்டும் என்று, ரேடியோ பழுதுபார்க்கும் டோசிக்கிடம் சந்தைக்காரர்கள் பொறுப்பை விட்டிருந்தார்கள்.

சோதித்துப் பார்க்க, சந்தையில் நெத்திலி விற்கும் மனைவி மல்சுன் எதிரே நின்று கைதட்டினாள். ஊசி இருபதைத் தாண்டவில்லை.

"நான் நெத்திலி நிறுத்தாலே எவளும் நம்ப மாட்டேங்கிறா. நீங்க கைதட்டலுக்கே தராசு செய்றீங்களாக்கும்!"

ஏழு வருடமாக அவள் அந்தப் போட்டியில் பாடுகிறாள். சுருதி ஒரு பக்கம் போகும், அவள் ஒரு பக்கம் போவாள். ஆறுதல் பரிசாக ஒரு சோப்புக்கட்டிகூட வந்ததில்லை.

கோடையில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் டோசிக்கை மட்டும் வராந்தாவுக்கு அழைத்து, மல்சுன் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டமாட்டாள் என்றார். டோசிக் உள்ளே திரும்பி வந்து, வெறும் வயிற்றுப்புண்தான் என்று மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றிலிருந்து சிரித்துக்கொண்டேதான் இருக்கிறார்.

ஒரு ரேடியோவில்கூட நல்ல பாகத்தை எடுத்துவிட்டுப் பழையதை மாட்டியறியாத மனிதர். இந்தப் பொத்தான்தான் அவருடைய முதல் திருட்டு.

போட்டியன்று மல்சுன் கடைசிக்கு முந்தி மேடையேறினாள். முதல் அடியிலேயே மூச்சு வாங்கியது. இரண்டாம் அடி மறந்துபோனது. மைக்கைப் பிடித்தபடி குனிந்து வணங்கினாள்.

டோசிக்கின் விரல் பெட்டிக்கு அடியில் போனது.

அழுத்துவதற்குள் ஊசி நூறில் போய் முட்டியது.

ஒயர் எங்கோ ஒட்டிக்கொண்டுவிட்டது என்று பதறிப் பெட்டியைத் திருப்பினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தலையை நிமிர்த்தினார்.

சந்தையே எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தது. அவளை அடுத்துப் பாட வேண்டிய நண்டுக் கடைக்காரர்கூட.

பக்கத்துக் கடை கும்ரே, பத்து வருடமாகக் கடை போடும் இடத்துக்காக மல்சுனோடு மல்லுக்கு நின்றவள், முகத்தை ஏப்ரனில் துடைத்தபடி டோசிக்கிடம் வந்தாள்.

"அன்னைக்கு வராந்தாவுல டாக்டர் சொன்னது அவ காதுலயும் விழுந்துடுச்சு அண்ணே. எங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. 'எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு அந்த மனுஷன் ராத்திரி கொஞ்சமாச்சும் தூங்குறாரு, கெடுத்துடாதீங்கடி'ன்னா. இன்னைக்கு என்னால முடியல."

போட்டி முடிந்ததும், மேடையில் மல்சுன் பரிசாகக் கிடைத்த கம்பளியை அணைத்துக்கொண்டு இவரைத் தேடினாள். கண்டதும் கையை ஆட்டினாள்.

டோசிக் அவளைப் பார்த்துச் சிரித்தார். கோடையிலிருந்து எப்படிச் சிரித்துவந்தாரோ, ஒரு இழைகூடப் பிசகாமல், அப்படியே.