பைசா செலவில்லாத பழக்கம்

"தினமும் உண்டா?" என்று கேட்டார் மனநல மருத்துவர்.

கணக்கு வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். "முன்னெல்லாம் சம்பளத்தன்னிக்கு மட்டும்தான் டாக்டர். இப்போ ஸ்கூல் விட்டு வர்ற வழியிலேயே ஒண்ணு."

"வீட்ல எங்க ஒளிச்சு வைப்பீங்க?"

"பீரோவுக்குப் பின்னாடி..."

"நேத்து வாஷிங் மெஷினைத் திறந்தா உள்ள ஏழு கிடக்கு!" என்று குறுக்கே பாய்ந்தாள் மனைவி. "குடிச்சாலாவது விடிஞ்சா தெளியும் டாக்டர். இவருக்கு விடிஞ்சா இன்னொரு பூட்டு. அதுவும் சாவியே இல்லாத துருப்பூட்டு!"

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. துருவாம்! எண்ணெய் விட்டு, துணியால் துடைத்து, பிள்ளை மாதிரி வளர்த்த முன்னூற்றுப் பன்னிரண்டு பூட்டுகள்.

"போன வாரம் ஒண்ணைப் பூட்டிப் பார்க்கிறேன்னு பாத்ரூம் கதவுல மாட்டி அமுக்கிட்டாரு. உள்ள இருந்தது இவங்க அம்மா. கடைசில கதவையே கழட்டினோம்."

"அம்மா ஒண்ணும் சொல்லலையே" என்று முணுமுணுத்தார் வாத்தியார்.

"சொன்னதெல்லாம் தெருவுக்கே கேட்டுச்சு. உங்களுக்குத்தான் கேட்கல."

ஃபிரிட்ஜ் ரிப்பேருக்கு வைத்திருந்த காசில் அவர் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கியதுதான் வினையாகிவிட்டது. "டாக்டர் உங்களை வைத்தியத்துக்கு எடுத்துக்கிட்டா பூட்டு இருக்கும். இல்லேன்னா சாயங்காலமே பழைய இரும்புக் கடைக்குப் போகும்" என்று வாசலிலேயே தீர்ப்புச் சொல்லித்தான் மனைவி கூட்டி வந்திருந்தாள்.

டாக்டர் சிரித்தார். "சேர்க்கிறது வியாதி இல்லம்மா. கை மீறிச் செலவு பண்றதுதான் வியாதி. பர்ஸையும் தொடக் கூடாது, வீட்டையும் அடைக்கக் கூடாது. பார்க்கிறப்போ சந்தோஷமா இருக்கணும். நானே இருபது வருஷமா சேர்க்கிறேன்."

"செலவு?" என்றாள் மனைவி.

"பைசா கிடையாது. சொல்லப்போனா வரவுதான்."

"கேட்டுக்குங்க!" மனைவியின் முழங்கை வாத்தியாரின் விலாவில் இறங்கியது.

வாத்தியாருக்கு வலி உறைக்கவில்லை. பத்து நிமிடமாகத் தொங்கிக்கொண்டிருந்த தலை நிமிர்ந்தது. கண்கள் அறையை மேய்ந்தன. நாணயம் இல்லை, தபால்தலை இல்லை. ஒரு மேசை, மூன்று நாற்காலி, கண்ணாடி அலமாரியில் தூசு படாமல் நிறுத்தி வைத்த கோப்புகள். அவ்வளவுதான்.

"அப்படி என்ன டாக்டர் சேர்க்கிறீங்க? ஒரே ஒரு தடவை பார்த்துக்கட்டுமா?"

"வெளியாளுக்குக் காட்டக் கூடாது சார். தொழில் தர்மம்." டாக்டர் மேசை மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "அது போகட்டும். நீங்க சேர்க்கிறது சாவி இல்லாத பூட்டு மட்டும்தானா?"

"மட்டும்தான். சாவி இருந்தா கையால தொட மாட்டேன்."

"அடடா!" டாக்டர் துள்ளி எழுந்தார். அலமாரியைத் திறந்து கோப்புகளின் முதுகில் ஒவ்வொன்றாக விரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. முகம் தொங்கிப்போனது.

வாத்தியார் நாற்காலி நுனிக்கு வந்தார். "என்ன டாக்டர், ரொம்ப முத்திப்போச்சா? எடுத்துக்க மாட்டீங்களா?" இரும்புக் கடைத் தராசு அவர் கண்முன் ஆடியது.

"கவலைப்படாதீங்க சார், உங்களைக் கைவிட்டுட மாட்டேன்" என்ற டாக்டர், பக்கத்துத் தெருவில் இருக்கும் இன்னொரு மனநல மருத்துவருக்கு ஃபோன் போட்டார்.

"டாக்டர், சாவியில்லாத பூட்டு சேர்க்கிறவர் எங்கிட்ட ரெண்டு பேர் ஆயிட்டாங்க. உங்ககிட்ட பொத்தான் சேர்க்கிறவர் ஒருத்தர் கூடுதலா இருந்தா, மாத்திக்கலாமா?"