யார் முறை

மலையுச்சிக்கு ஏறி இறங்கி ஒரு சுற்று இவள், அடுத்த சுற்று அவள் என்று விடியும்வரை சைக்கிள் ஓட்ட வேண்டிய போட்டி அது. சுற்றை முடித்தவள் மணிக்கட்டிலிருக்கும், எங்கே போகிறது என்று நடுவரின் திரையில் காட்டும் பட்டையைக் கழற்றி அடுத்தவளிடம் கொடுக்க வேண்டும். பட்டை தொலைந்தால் அணி வெளியே. நிறைமதியும் ஜெனிஃபாவும் அப்போது முதலிடத்தில் இருந்தார்கள்.

நிறைமதி மூச்சிரைக்க இறங்கி வந்தபோது, தொடக்கக் கோட்டருகே ஒருத்தி சைக்கிளில் அமர்ந்தபடி கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய தலைவிளக்கில் கண் கூசியது. இருட்டில் ஓட்டுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. நிறைமதி பட்டையை அந்தக் கையில் வைத்தாள். கை சில்லென்று இருந்தது. சைக்கிள் சத்தமில்லாமல் மேட்டில் ஏறியது.

"வந்துட்டியா? எழுப்ப மாட்டியாடி எருமை! பட்டையக் கொடு" என்று கூடாரத்திலிருந்து ஜெனிஃபா ஓடிவந்தாள்.

இருவரும் நடுவரிடம் ஓடினார்கள்.

"இப்ப கோட்டைத் தாண்டினது உங்க பட்டை ஒண்ணுதாம்மா" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "அதுக்குள்ள உச்சிக்குப் போயாச்சு. என்னா மிதி! யாரு ஓட்றது?"

நிறைமதி வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் போட்டி அதோடு முடிந்தது. ஜெனிஃபா முந்திக்கொண்டாள்.

"எங்க பொண்ணுதான் சார்."

வெளியே வந்தார்கள். உச்சியிலிருந்து ஒரே ஒரு விளக்கு, வளைவுகளில் கொஞ்சமும் வேகம் குறைக்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஜெனிஃபா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிறைமதியின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"அது ஓட்றது என் முறையைத்தானே? அப்போ அது கையிலருந்து பட்டைய வாங்கிக்க வேண்டியது நீதான்டி."